ஏழு ஆட்டம், பதினொரு பேர் வந்தது இரண்டு நாள்தான்: அடுத்த சீசனும் கடினப்பந்தா?

கொட்டியாரக்காற்று (இழையைத் தொடங்கியவர், கழகச் செயலாளர்)

எங்கள் திருகோணமலைக் கழகத்தின் கடினப்பந்து (தோல் பந்து) கிரிக்கெட் சீசன் முடிந்து இரண்டு கிழமையாகிறது. ஆடுகளத்தில் விரிக்கிற பாயை, அதாவது மேட்டிங்கைச் சுருட்டிக் கட்டித் தகரக் கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டியாயிற்று. இனி வாடை தொடங்கி, மழை கொட்டி ஓய்ந்து, தரை காய்ந்து, சித்திரை வருடப்பிறப்பும் கழிந்த பிறகுதான் திரும்ப விரிப்போம். விரிப்போமா என்பதே இப்போது சந்தேகம். அதற்குத்தான் இந்த இழை.

முதலில் கணக்கு. ஒன்பது ஆட்டம் பேசி வைத்தோம், எல்லாமே முப்பது ஓவர். ஒன்றுக்கு எதிரணிக்கு வான் கிடைக்கவில்லை. இன்னொன்றில் மேட்டிங் விரித்து ஆணி அடித்து முடிந்த பிறகு, மைதானத்தில் வேறு நிகழ்ச்சி இருக்கிறது என்று எழுப்பிவிட்டார்கள். மிச்சம் ஏழு. மூன்று வெற்றி, நான்கு தோல்வி. இது ஒன்றும் வெட்கப்படுகிற கணக்கு இல்லை.

வெட்கம் இந்தக் கணக்கில் இருக்கிறது. டொஸ் போடும் நேரத்தில் நின்றவர்கள்: 11, 9, 8, 11, 8, 10, 9. எட்டுப் பேரோடு இறங்கினால் ஏழாவது விக்கெட் விழுந்ததும் கதை முடிந்தது. இரண்டாவது தடவை எட்டுப் பேராக நின்றபோது எதிரணியான கிண்ணியாக்காரர்கள் பாவம் பார்த்து இரண்டு பெடியன்களைக் களத்தடுப்புக்குத் தந்தார்கள். அதில் ஒருவன் மிட்விக்கெட்டில் பாய்ந்து தன்னுடைய கப்டனையே பிடித்துவிட்டான். இந்த சீசனில் எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல பிடி அதுதான். எங்கள் பெயரில் ஒருவரும் பிடிக்கவில்லை என்பதுதான் சோகம்.

ஏன் ஆள் வருவதில்லை? எனக்குத் தெரிந்த காரணங்கள்: ஞாயிறு மென்பந்து (டென்னிஸ் பந்து) சுற்றுப்போட்டிகளில் காசுப் பரிசு. சனி ரியூசன். சீனன்குடாப் பக்கம் ஆலைகளில் சிப்ட் வேலை. இரண்டு பேர் கத்தாருக்குப் போய்விட்டார்கள். ஒருவர் புதுமாப்பிள்ளை, அதைக் கேட்க முடியாது.

என் யோசனை இரண்டு. ஒன்று, இன்னொரு கழகத்தோடு சேர்ந்துவிடுவது. மற்றது, கடினப்பந்தை விட்டு மென்பந்துக்குப் போவது. ஒரு நல்ல தோல் பந்து வாங்கினால் இரண்டு பேரின் சந்தா போய்விடுகிறது. எல்லோரும் யோசித்து எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் மாதிரி கட்டைவிரலை மட்டும் காட்டிவிட்டுப் போக வேண்டாம்.

நாலாம்நிலை

மென்பந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள் அண்ணா. எட்டு ஓவர் ஆட்டம், காலையில் தொடங்கினால் பின்னேரத்துக்குள் இறுதிப்போட்டியும் முடிந்துவிடும். ஒலிபெருக்கியில் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், நாலு பந்தில் இருபது அடித்தால் ஊரே கேட்கிறது. எங்களிடம் சனிக்கிழமை முழுவதும் வெயிலில் நின்றால் கடைசியில் கிடைப்பது ஒரு பிளேன்டியும் மாலு பணிஸும். நான் இரண்டும் விளையாடுகிறேன். ஏழு ஆட்டத்தில் ஆறுக்கு வந்தேன். வராத ஒன்று இரவு சிப்ட் முடிந்த நாள்.

பழைய_கீப்பர்

தம்பி செயலாளர், ஆள் இல்லை என்று நீங்கள் சொல்வதைக் கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. 2009இல் பாலம் திறக்கும் வரைக்கும் கிண்ணியாவுக்கு விளையாடப் போவதென்றால் பாதையில்தான் போக வேண்டும். பாதை என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்காது. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் ஊர்கிற மிதவை. இந்தக் கரையில் ஒரு மணி நேரம் வரிசை, அந்தக் கரையில் சோதனை. கிட் பையைத் திறந்து, விக்கெட் தடி ஆறையும் வெளியே எடுத்து அடுக்கி, எண்ணி, திரும்ப வைத்துக் கட்டி, அதற்குப் பிறகுதான் டொஸ். பின்னேரம் கடைசிப் பாதையைப் பிடிக்க வேண்டும் என்பதால் இருபது ஓவரோடு நிறுத்திவிட்டு, யார் வென்றது என்று பாதையில் நின்றபடியே கரையோடு சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருக்கிறோம். இப்போது 396 மீட்டர் பாலம். மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலம். ஆனால் பன்னிரண்டாவது ஆளுக்கு வேலை இல்லாமல் இருந்த காலம் அது. இப்போது எட்டாவது ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

மூதூருக்கு லோஞ்சில் போன கதை வேறு. கொட்டியாரக் குடாவில் அலை எழும்பினால் எங்கள் ஆரம்பப் பந்துவீச்சாளர் இறங்கும்போதே முகம் பச்சை. முதல் ஓவரை எப்போதும் வேறு யாரோதான் போடுவார்கள்.

கடினப்பந்தை விடுவதற்கு என் வாக்கு இல்லை. மென்பந்தில் கீப்பருக்கு என்ன வேலை இருக்கிறது?

ஆட்டமிழக்காதவன்

வெற்றி தோல்விக் கணக்கில் ஒரு பிழை. மூன்றாவது ஆட்டத்தில் மான் அடித்த நாலு ஓட்டத்தையும் சேர்த்துத்தானே வென்றோம்? ஆட்டநாயகன் விருது மானுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

ஸ்காபரோ_திருமலை

மானா? யாராவது விளக்கமாக எழுதுங்களேன். பதினெட்டு வருடமாக ஊருக்கு வரவில்லை, மான் மட்டும் அப்படியே நிற்கிறதா?

உப்புவெளி77

அண்ணை, அப்போது கோட்டைக்குள்ளும் முற்றவெளியிலும் நின்றவைதான் இப்போது ரோட்டு நடுவில் படுத்திருக்கின்றன. பஸ் ஹோர்ன் அடித்தாலும் அசையாது. அன்றைக்கு எங்கள் மூன்றாம் ஆள் கவர் பக்கம் அருமையாக ஒன்று தட்டினார். பந்து எல்லைக்குப் போய்க்கொண்டிருந்தது, பிடிக்க ஆளே இல்லை. மூன்று மான் வரிசையாக உள்ளே நடந்து வந்தன. நடு மானின் குளம்பில் பட்டுப் பந்து நின்றுவிட்டது. அது குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. களத்தடுப்பாளர் வந்து எறிவதற்குள் இவர்கள் ஒன்று ஓடினார்கள். அம்பயர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு நாலு காட்டினார்.

ஸ்கோர்க்கொப்பி

அதைப் புத்தகத்தில் எழுதியது நான். மனமில்லாமல்தான் எழுதினேன். 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது: களத்துக்குள் வந்த ஆளோ விலங்கோ வேறு பொருளோ ஏதாவது ஒரு தரப்புக்குப் பாதகமாக அமைந்தால் நடுவர் டெட் போல் (அந்தப் பந்து அத்தோடு முடிந்தது) என்று அழைக்க வேண்டும். பந்து எப்படியும் எல்லைக்குப் போயிருக்கும் என்று இரண்டு நடுவரும் கருதினால்தான் நாலு கொடுக்கலாம், ஒருவர் மட்டும் வானத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்க முடியாது. நாங்கள் பதினொரு ஓட்டத்தால் வென்றோம், அதனால் முடிவு மாறாது. ஆனால் திருகோணமலையில் விளையாடுகிற அம்பயருக்கு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் இந்த விதி தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. சாப்பிட்ட லன்ச் சீட்டை, அந்தச் சோறு சுற்றிய பிளாஸ்டிக் தாளைப் பொறுக்கிப் போடுங்கள். சோற்று வாசத்துக்கு மான் அதையும் சேர்த்துத் தின்கிறது. எத்தனை தடவை சொல்வது?

கிண்ணியா_இடக்கை

சலாம். எதிரணிக்காரன் உள்ளே வரலாமா? உங்கள் மூன்று வெற்றியில் ஒன்று எங்களுக்கு எதிரானது, அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

முதலில் அந்தப் பிடி. பிடித்தவன் என் தம்பி. பிடிபட்டவன் நான். வீட்டில் உம்மா இன்னும் சமாதானம் செய்துகொண்டிருக்கிறார். அந்த ஆட்டத்தை நாங்கள் வென்றோம், அதனால் மன்னித்துவிட்டேன்.

விசயம் மற்ற ஆட்டம். கடைசி ஓவர். உங்களுக்கு நாலு பந்தில் ஏழு ஓட்டம், இரண்டு விக்கெட் கையில். உங்கள் பெடியன் உயர அடித்தான். கச்சான் காற்று அன்றைக்கு மேற்கிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தது, பந்து எங்கேயோ போகப் பார்த்து எங்கேயோ விழுந்தது. எங்கள் ஆள் மூன்று தடவை திசை மாறி ஓடிப் பிடித்தான். பந்து வானத்தில் நிற்கும்போது உங்கள் இரண்டு பேரும் ஓடி ஒருவரையொருவர் கடந்துவிட்டார்கள். அம்பயர் என்ன செய்தார்? கடந்துவிட்டார்கள் என்று சொல்லி, நாற்பது ஓட்டம் அடித்து நின்ற உங்கள் செட் ஆனவரையே அடுத்த பந்துக்கு நிற்க வைத்தார். அவர் ஒரு ஆறும் ஒரு ஓட்டமும் அடித்து முடித்துவிட்டார்.

2022 விதிப்படி பிடி எடுத்து ஆட்டமிழந்தால் கடந்தாலும் கடக்காவிட்டாலும் புதிதாக வருகிறவர்தான் அடுத்த பந்தை எதிர்கொள்ள வேண்டும். ஓவர் முடிந்திருந்தால் மட்டும்தான் வேறு. உங்கள் பதினோராம் ஆள் வந்து நின்றிருக்க வேண்டும். அவருக்கு நான் யோர்க்கர் போட்டிருப்பேன். அன்றைக்கே சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

ஆட்டமிழக்காதவன்

அந்தப் பதினோராம் ஆள் நான்தான். யோர்க்கர் போட்டிருந்தாலும் நான் ஆட்டமிழந்திருக்க மாட்டேன். சீசன் முழுவதும் ஒருவராலும் என்னை ஆட்டமிழக்கச் செய்ய முடியவில்லை.

ஸ்கோர்க்கொப்பி

சீசன் முழுவதும் நீங்கள் எதிர்கொண்டது நாலு பந்து.

பழைய_கீப்பர்

கிண்ணியாத் தம்பி, அன்றைக்கு அம்பயராக நின்றது நான். ஒளித்து என்ன பயன். நாங்கள் விளையாடிய காலம் முழுவதும் கடந்தால் கடந்ததுதான். இப்படி மாறியது எனக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது புது ஆள் வந்து நிற்கிறார், ஏதோ கடக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். மானுக்கு நாலு கொடுத்ததும் நான்தான், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அந்த வெற்றியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணியா_இடக்கை

வெற்றி வேண்டாம் ஐயா. அடுத்த சீசன் முதல் ஆட்டம் எங்களோடு வையுங்கள், அது போதும். மேட்டிங் மட்டும் புதிதாகப் போடுங்கள். உங்கள் பக்கத்துக் குட்லென்த்தில் இருக்கிற கிழிசலில் பட்டு ஒரு பந்து உருண்டு வந்தது, இன்னொன்று என் தாடைக்கு வந்தது. இரண்டும் ஒரே ஓவரில்.

கொட்டியாரக்காற்று

நன்றி நானா. அப்படியானால் எங்கள் கணக்கு 2-4, ஒன்று தொங்கலில். பரவாயில்லை, நான் அப்படியே எழுதி வைக்கிறேன். ஐயா, நீங்கள் மனம் வருத்தப்பட வேண்டாம். எங்களுக்கு நடுவர் கூலி கொடுக்க வழியில்லை என்பதால்தான் ஒவ்வொரு கிழமையும் உங்களைப் பிடித்து வெயிலில் நிறுத்துகிறோம்.

மேட்டிங் கதையை உப்புவெளிதான் சொல்ல வேண்டும். அவர்தான் பொறுப்பு.

உப்புவெளி77

சொல்கிறேன். எங்களுடையது தும்புப் பாய், கீழே கொங்கிறீட். பாய் எவ்வளவு இறுக்கமாக இழுபட்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாகவும் உயரமாகவும் பந்து எழும்பும். தளர்ந்திருந்தால் பந்து பிடித்துக்கொண்டு திரும்பும், கட்டர் போடுகிறவனுக்குக் கொண்டாட்டம். அதனால்தான் எங்கள் செயலாளர், அவர் ஓப் ஸ்பின்னர் என்பதை மறந்துவிடாதீர்கள், ‘இவ்வளவு இழுத்தது போதும் தம்பி’ என்று ஆறு மணிக்கே வந்து நிற்பார்.

சரியாக இழுக்க ஆறு பேர் வேண்டும். இரண்டு பக்கமும் ஓரத்துக் கண்களில் கம்பியைக் கோத்து, ஒரே நேரத்தில் இழுத்துப் பிடிக்க, ஒருவர் ஆணி அடித்துக்கொண்டு போக வேண்டும். இந்த சீசனில் ஐந்து நாள் நானும் இன்னொருவரும் மட்டும்தான். இரண்டு பேர் இழுத்தால் நடுவில் சுருக்கம் விழும். சுருக்கத்தில் பந்து பட்டுப் பட்டுத்தான் கிழிசல் வந்தது. அதற்கு மேல் இரண்டு பேர் ஸ்பைக்ஸ் போட்டு ஏறினார்கள். மேட்டிங்கில் ரப்பர் அடிச் சப்பாத்துத்தான் போட வேண்டும் என்று முதல் நாளே சொன்னேன். பெயர் சொல்ல மாட்டேன். ஒருவர் இந்த இழையில் இருக்கிறார்.

நாலாம்நிலை

அது ஒரே ஒரு நாள்.

ஸ்காபரோ_திருமலை

எல்லாவற்றையும் வாசித்தேன். ஆசையாகவும் இருக்கிறது, ஏக்கமாகவும் இருக்கிறது. இங்கே கனடாவிலும் பூங்கா மைதானங்களில் செயற்கை மேட்டிங்தான், மே முதல் செப்டெம்பர் வரைதான் சீசன். உங்களுக்கு மழை என்றால் எங்களுக்குப் பனி. ஆள் வராத கதையும் அதேதான், காரணம் மட்டும் வேறு: பிள்ளையின் பிறந்தநாள், மாமியார் வருகிறார், ஓவர்டைம்.

இங்கே பழைய மாணவர்கள் நாலைந்து பேரிடம் பேசினேன். இரண்டு நல்ல பெட் (மட்டை) வாங்கி அனுப்பலாமா?

உப்புவெளி77

அண்ணை, கோபிக்காதீர்கள், பெட் வேண்டாம். போன தடவை வந்த பெட் இரண்டு பேரின் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எங்களுக்கு வேண்டியது யாரும் படம் எடுத்து முகநூலில் போடாத சாமான்கள். இடக்கை ஆட்டக்காரருக்கான கையுறை ஒரு சோடியாவது. எங்களிடம் இடக்கைக்காரர் மூன்று பேர், ஒரே சோடி. ஒருவர் ஆட்டமிழந்து வரும்போது கோட்டருகில் வைத்துக் கழற்றிக் கொடுக்கிறார், வியர்வையில் நனைந்து தோய்த்த துணி போல் இருக்கும். வலக்கைக் கையுறையைப் போட்டால் பெருவிரல் காப்பு தவறான கையில் நிற்கும், ஆனி மாதம் ஒருவருக்கு நகம் போனது அப்படித்தான். அப்புறம் சிறிய அளவு ஹெல்மெட் இரண்டு. கார்ட் (அடிவயிற்றுக் காப்பு) பற்றி இங்கே எழுத மாட்டேன், ஒன்றை ஐந்து பேர் போடுகிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஸ்காபரோ_திருமலை

விளங்கியது. கார்ட் ஆளுக்கொன்று வரும். ஐயோ.

சின்னப் பிள்ளைகளைச் சேர்ப்பதாக இருந்தால் சிறிய பந்தும் அனுப்புகிறேன். வளர்ந்த ஆண்களின் பந்து 156 முதல் 163 கிராம், 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம். இந்தச் சின்ன வித்தியாசத்துக்குப் பிள்ளைகளின் பயம் பாதியாகக் குறைவதை இங்கே பார்த்திருக்கிறேன்.

ஸ்கோர்க்கொப்பி

எல்லோரும் சாமான், மேட்டிங், மான் என்று பேசியாயிற்று. இழையின் கேள்வி ஆள் ஏன் வருவதில்லை என்பது. நேற்றிரவு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்தேன். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், செயலாளருக்குப் பிடிக்காமல் போகலாம்.

ஏழு ஆட்டத்திலும் சேர்த்து எங்களுக்காக ஆடியவர்கள் பத்தொன்பது பேர். கடைசி மூன்று ஆட்டத்துக்கு ஒருதரமும் வராதவர்கள் எட்டுப் பேர். அந்த எட்டில் கத்தார் போனவர்கள் இரண்டு, மாப்பிள்ளை ஒன்று. மிச்சம் ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் மென்பந்துக்காரர்கள் என்றுதான் செயலாளர் நினைக்கிறார். சிலர் இருக்கலாம். ஆனால் கொப்பி வேறு ஒன்றைச் சொல்கிறது.

அந்த ஐந்து பேரும் சேர்ந்து, அவர்கள் வந்த எல்லா ஆட்டத்திலுமாக, எதிர்கொண்டது முப்பத்தொரு பந்து. போட்டது இரண்டு ஓவர். அதாவது ஐந்து பேருக்கும் சேர்த்து, ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான கிரிக்கெட். மற்ற நேரமெல்லாம் வெயிலில் நின்றார்கள். அதில் ஒரு பெடியன், பதினேழு வயது இருக்கும், முதல் நாலு ஆட்டத்துக்கும் வந்தான். மூன்று நாள் ஒன்பதாம் இடம், எட்டுப் பேராக நின்ற நாள் எட்டாம் இடம். ஒரு நாள்தான் முறை வந்தது, இரண்டு பந்து, ரன் அவுட். அதுவும் மறுபக்கம் நின்றவர் கூப்பிட்டுவிட்டுத் திருப்பி அனுப்பியதால். பந்து அவன் கையில் கொடுக்கப்படவே இல்லை. வலையில் அவன் லெக் ஸ்பின் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. அன்றைக்கு எட்டுப் பேர். அவன் ஏன் வரவில்லை என்று குழுவில் ஒருவர் கோபமாக எழுதினார். அவன் பதில் போடவில்லை. நானாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

மறுபக்கம் பாருங்கள். 210 ஓவரில், அதாவது நாங்கள் களத்தில் நின்ற மொத்த ஓவர்களில், பாதியை மூன்று பேர் போட்டிருக்கிறார்கள். மூவரும் முப்பத்தைந்து தாண்டியவர்கள். மூவரும் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள்.

உப்புவெளி77

நெத்தியடி.

நாலாம்நிலை

அக்கா, 210 என்பது சரியா? மூன்று ஆட்டத்தில் எதிரணி முப்பதுக்கு முன்னமே முடிந்துவிட்டதே.

ஸ்கோர்க்கொப்பி

சரி, பிழைதான். மொத்தம் 183 ஓவர். திருத்திவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் போட்டது 105. அந்தக் கணக்கு மாறவில்லை, இன்னும் மோசமாகத்தான் போகிறது.

நாலாம்நிலை

கணக்கு சரி. ஆனால் வெல்ல வேண்டாமா? கிண்ணியா மாதிரி அணிக்கு எதிராக இருபத்தைந்தாவது ஓவரில் ஒரு புதுப் பெடியனிடம் லெக் ஸ்பின் போடச் சொன்னால் நாலு சிக்ஸ் போகும். பிறகு அவனையே திட்டுவார்கள். அவனைக் காப்பாற்றத்தான் கொடுப்பதில்லை.

கிண்ணியா_இடக்கை

நான் இடக்கைக்காரன், லெக் ஸ்பின்னை அடிக்கத்தான் பார்ப்பேன். ஆனால் உங்கள் அந்த மூன்று பேரையும் எனக்கு மனப்பாடம். எந்தப் பந்துக்குப் பிறகு எது வரும் என்று ஹோட்டலில் தேநீர் குடித்துக்கொண்டே சொல்வேன். தெரியாதவன் வந்தால்தான் யோசிப்பேன். எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது: பதினைந்தாவது ஓவருக்குள் ஆறு பேர் பந்து போட்டிருக்க வேண்டும். கப்டனான எனக்கே பிடிக்காது. ஆனால் எங்கள் வானில் எப்போதும் பதின்மூன்று பேர், இரண்டு பேர் மடியில்தான் இருப்பார்கள். நோன்பு மாதம் முடிந்து முதல் ஆட்டத்துக்கு இடம் கேட்டுச் சண்டையே வரும்.

பழைய_கீப்பர்

ஐம்பது அடித்தால் ரிட்டயர் ஆக வேண்டும் என்று யாராவது அடுத்ததாகச் சொல்வீர்கள். அதை மட்டும் சொல்லாதீர்கள். ஒருவன் ஐந்து வருடத்துக்கு ஒருதரம் நூறு அடிக்கப் போகிறான், அவனைக் கூப்பிட்டு வெளியே வா என்பதா? பந்து கொடுங்கள், நான் மறுக்கவில்லை. ஆட்டத்தை ரேசன் கடையாக்காதீர்கள்.

ஆட்டமிழக்காதவன்

ஐம்பது அடிப்பவர் யார் என்று முதலில் பார்ப்போம்.

ஒன்பதாம்_ஆள்

வணக்கம். புதுக் கணக்கு. அண்ணா ஒருவர் இந்த இழையை அனுப்பினார். அக்கா எழுதியது என்னைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

நான் கோபித்துக்கொண்டு போகவில்லை. உயர்தரப் பரீட்சை வருகிறது, அது உண்மை. ஆனால் சனிக்கிழமை ரியூசன் பத்து மணிக்கு முடிந்துவிடும், பத்தரைக்கு வந்திருக்கலாம். நாலாவது ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனபோது அப்பா எத்தனை ஓட்டம் என்று கேட்டார். முறை வரவில்லை என்றேன். எத்தனை ஓவர் என்று கேட்டார். போடவில்லை என்றேன். அப்படியானால் காலையிலிருந்து அங்கே என்ன செய்தாய் என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ரன் அவுட் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. அது நானும் ஓடியிருக்கக் கூடாது.

உப்புவெளி77

அன்றைக்கு மறுபக்கம் நின்று கூப்பிட்டது நான் தம்பி. ஸ்கோர்க்கொப்பி பெயர் சொல்லாமல் விட்டுவிட்டார், நன்றி. ஸ்பைக்ஸ் போட்டவரைப் பற்றி நான் எழுதியபோது எனக்கு இது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கொட்டியாரக்காற்று

இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுதாமல் இருந்தேன். அந்த மூன்று பேரில் ஒருவன் நான், எல்லோருக்கும் தெரியும். 105இல் 41 என்னுடையது, கொப்பியைக் கேட்காமலே எனக்கும் தெரியும், நானே எண்ணி வைத்திருக்கிறேன். அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் ஓவர்களை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர அவனுடையதை எண்ணவில்லை.

சாட்டாகச் சொல்லவில்லை, நடந்தது இது: ஆறு மணிக்கு எழுந்து, ஆட்டோ பிடித்து, தண்ணீர்க் கானும் பணிஸும் வாங்கி, வராதவர்களுக்கு ஒவ்வொருவராக அழைப்பு எடுத்து, மைதானத்துக்கு வந்தால் எனக்கும் இன்றைக்குக் கொஞ்சம் பந்து போட வேண்டும் போல இருக்கும். இவ்வளவு செய்ததற்குக் கூலி மாதிரி. அது நியாயமாகத்தான் தோன்றியது.

சரி. மென்பந்துக்கு மாறுவது, கழகம் சேர்ப்பது இரண்டையும் இந்த இழையிலிருந்து எடுத்துவிடுகிறேன். அடுத்த சீசனுக்குக் கிண்ணியாக்காரரின் ஆறு பேர் வழக்கத்தைப் பொதுக்கூட்டத்தில் வைக்கிறேன். எதிர்ப்பவர்கள் எதிர்க்கலாம், மற்ற இரண்டு பேரும் எதிர்ப்பார்கள். வெள்ளி இரவு எட்டு மணிக்குள் பதினொரு பெயரும், யார் எந்த இடத்தில் இறங்குகிறார்கள் என்பதும் குழுவில் வந்துவிட வேண்டும், அதை ஸ்கோர்க்கொப்பி போடட்டும். நான் போட்டால் திரும்ப என் பெயர் மேலே வந்துவிடும்.

தம்பி ஒன்பதாம் ஆள், பரீட்சையை முடி. கிண்ணியாவோடு முதல் ஆட்டத்தில் ஏழாவது ஓவர் உன்னுடையது. அந்த இடக்கைக்காரர் இந்த இழையிலேயே இருக்கிறார், அடிப்பேன் என்று எழுதியும் வைத்திருக்கிறார்.

கிண்ணியா_இடக்கை

அடிப்பேன்தான். தம்பி, கூக்ளி இருக்கா?

ஒன்பதாம்_ஆள்

சொல்ல மாட்டேன் நானா.

பழைய_கீப்பர்

சரியான பதில். தம்பி, ஒரு பின்னேரம் வா. லெக் ஸ்பின்னுக்குக் கீப்பிங் செய்து பத்து வருடமாகிறது. முழங்கால் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

உப்புவெளி77

இடையில் ஒரு அவசரம். இன்று கொட்டிலைத் திறந்து பார்த்தேன், மேட்டிங் சுருளுக்குள் எலி குடும்பம் நடத்துகிறது. மழைக்கு முன் ஒருதரம் வெளியே எடுத்து விரித்து, வெயில் காட்டி, கிழிந்த இடத்தைத் தைத்து, உயர்த்திக் கட்டித் தொங்கவிட வேண்டும். தைக்கிற ஊசியும் தும்புக் கயிறும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிறு காலை ஆறரை. ஆறு பேர் வேண்டும், இரண்டு பேரால் அந்தச் சுருளைத் தூக்க முடியாது.

கொட்டியாரக்காற்று

வருகிறேன். பணிஸ் என் பொறுப்பு.

ஒன்பதாம்_ஆள்

ஞாயிறு ஒன்பது மணி வரை எனக்கு வகுப்பு இல்லை. வருகிறேன்.

பழைய_கீப்பர்

தூக்க மாட்டேன். தைப்பேன்.

நாலாம்நிலை

ஞாயிறு மென்பந்து இருக்கிறது, எட்டரைக்குத்தான் முதல் ஆட்டம். அதுவரைக்கும் நிற்கிறேன். செருப்போடு வருகிறேன், ஸ்பைக்ஸ் இல்லை.

உப்புவெளி77

என்னோடு ஐந்து. இன்னும் ஒருவர்.

ஆட்டமிழக்காதவன்

நான் பதினோராம் ஆள், என்னை ஆறாவதாக இறக்குகிறீர்கள். சரி, வருகிறேன். எலியைப் பிடித்த பிறகு கூப்பிடுங்கள்.